சட்டை காயும் காற்று

தூத்துக்குடிக்குத் தெற்கே ஓர் உப்பளத்தின் வரப்பில் ஏப்ரல் மாதக் காலையொன்றில் நின்றிருந்தேன். மணி ஒன்பதரைதான் ஆகியிருந்தது. அதற்குள் பாத்தித் தண்ணீரை ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை, அவ்வளவு கூச்சம். ஆண்கள் வாருபலகையால் உப்பை இழுத்து வரப்போரம் குவித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் அதை அள்ளித் தலைச்சுமையாக அம்பாரத்துக்குக் கொண்டுபோனார்கள். சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் சும்மாடு. அவர்களில் மூத்த அக்கா ஒருவர் சுமையை இறக்கிவிட்டு வந்து குடத்துத் தண்ணீரை மொண்டு குடித்தார். மிச்சத்தைப் புறங்கையில் ஊற்றிக்கொண்டு, கையைக் காற்றில் நீட்டிக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"கொண்டல் திரும்பிட்டு தம்பி. இனி உப்பும் காயாது, சட்டையும் காயாது."

இரண்டு தனித்தனிக் குறைகளைச் சொல்கிறார் என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டேன். ஊர் திரும்பும் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து, வியர்வை ஊறிய முதுகில் காற்றுப் பட்டுச் சிலிர்த்தபோதுதான் உறைத்தது, அவர் சொன்னது ஒரே விஷயம் என்று. பாத்தியில் உப்பு விளைவதற்கும், அந்த வெயிலில் மனுஷி உயிரோடு நடமாடுவதற்கும் வேண்டியது ஒன்றுதான்: தண்ணீர் காற்றில் ஏற வேண்டும். மேற்கே மலையைத் தாண்டி வறண்டு வரும் மேல்காற்று இரண்டையும் செய்யும். கடலிலிருந்து ஈரம் சுமந்து வரும் கொண்டல் இரண்டையும் தடுக்கும்.

உப்பளத்தில் நடப்பது பெரிய உழைப்பு. கடல்நீரைப் பாத்தியில் கட்டினால் உடனே உப்பு விழாது. தண்ணீரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு போன பிறகுதான் முதல் பரல் அடியில் படியத் தொடங்கும். அத்தனை தண்ணீரையும் தூக்கிக்கொண்டு போவது வெயிலும் காற்றும். அதற்காக வெயில் கொடுக்கும் விலை என்ன என்று பார்த்தால்தான் வியர்வையின் அருமை புரியும்.

அடுப்பில் ஒரு லிட்டர் தண்ணீர் வைக்கிறோம். 30 டிகிரியில் இருக்கும் அந்தத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோகலோரி வெப்பம் போதும். அதே ஒரு லிட்டரை, கொதிக்கவே விடாமல், தோலின் சூட்டிலேயே ஆவியாக்கி அனுப்ப வேண்டுமானால் சுமார் 580 கிலோகலோரி வேண்டும். எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் வெப்பம் அது. நம் முதுகில் ஒரு லிட்டர் வியர்வை சத்தமில்லாமல் காய்ந்துபோகும்போது அத்தனை வெப்பத்தையும் உடம்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறது.

காரணம் தண்ணீர் மூலக்கூறுகளின் பிடிப்பு. ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும் கூட்டத்திலிருந்து உதறிக்கொண்டு வெளியேறுவது அவற்றில் வேகமாக ஓடுபவற்றுக்கே முடியும். வேகமானவை போய்விட்டால் மிஞ்சுபவை மெதுவானவை. மெதுவாக அசையும் மூலக்கூறுகள் என்றால் குளிர்ந்த தண்ணீர். மண்பானை செய்வதும் இதைத்தான். பானைச் சுவரின் நுண்துளை வழியே கசிந்து வெளிப்பக்கம் காயும் தண்ணீர், உள்ளே இருப்பதைக் குளிர்விக்கிறது. அழகுக்காக வெளியில் பெயின்ட் அடித்த பானையில் தண்ணீர் குளிராது. துளை அடைபட்டுவிட்டது. அந்தப் பானையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டைத் துணி பற்றிப் பேசும்போது அது மறுபடி வரும்.

இப்போது உடம்புக்கு வருவோம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல், பழைய நூறு வாட் குண்டு பல்பு அளவுக்கு வெப்பத்தை வெளிவிடுகிறது. விறுவிறுவென்று நடந்தால் அது 300 வாட்டைத் தொடும். 70 கிலோ எடையுள்ள உடம்பை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 58 கிலோகலோரி போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நடப்பவரின் வெப்பம் வெளியேற வழியே இல்லாமல் அடைத்துவிட்டால், ஒரே மணி நேரத்தில் உடல் 37 டிகிரியிலிருந்து 41 டிகிரியைத் தாண்டிவிடும். அதற்கு வெயில்கூட வேண்டாம். நம்மை நாமே வேகவைத்துக்கொள்ள நம்மிடமே அடுப்பு இருக்கிறது. ஒவ்வொரு நாளும் அப்படி நேராமல் காப்பது தோல் முழுக்கப் பரவியிருக்கும் இருபது லட்சம் முதல் நாற்பது லட்சம் வரையிலான வியர்வைச் சுரப்பிகள். பழகிய உடம்பு மணிக்கு ஒரு லிட்டர், சில சமயம் இரண்டு லிட்டர்கூடச் சுரக்கும். ஒரு லிட்டர் முழுதும் காய்ந்தால் அது எடுத்துக்கொண்டு போகும் வெப்பம், அந்த 70 கிலோ உடம்பைப் பத்து டிகிரி ஏற்றிவிடக்கூடிய வெப்பம். மயிர் அடர்ந்த உடம்போடு நிழலில் இளைப்பாறும் மற்ற உயிர்கள் பார்த்துக்கொண்டிருக்க, மனிதன் உச்சி வெயிலில் நடந்துபோக முடிவது இதனால்தான்.

இதைத் தங்கள் உடம்பையே வைத்துச் சோதித்தவர்கள் 1774இல் லண்டனில் கூடிய சில நண்பர்கள். ஜார்ஜ் ஃபோர்டைஸ் என்ற மருத்துவர் அறைகளைச் சூடேற்றி வைத்தார். சார்லஸ் பிளாக்டன், ஜோசஃப் பேங்க்ஸ், டேனியல் சோலாண்டர் ஆகியோர் உள்ளே போனார்கள். படிப்படியாக வெப்பத்தை ஏற்றிக்கொண்டே போய், 120 டிகிரி செல்சியஸையும் தாண்டிய அறையில் பிளாக்டன் சில நிமிடங்கள் நின்றார். அதே அறையில் வைத்த முட்டை இருபது நிமிடத்தில் வெந்து இறுகியது. மாட்டிறைச்சித் துண்டு சமைந்து உலர்ந்தது. கூடை ஒன்றில் வைத்து உள்ளே கொண்டுபோன நாய், நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்தபடி உயிரோடு வெளியே வந்தது. கூடை எதற்கென்றால், தரையின் சூட்டில் அதன் பாதம் பொசுங்காமல் இருக்க.

அந்தச் சோதனைகளில் எனக்கு மிகப் பிடித்தது முட்டை இல்லை. இரண்டு பாத்திரங்களில் தண்ணீர் வைத்தார்கள். ஒன்றின் மேல் கொஞ்சம் எண்ணெய் மிதந்தது. மற்றதைத் திறந்தபடி விட்டார்கள். இரண்டும் ஒரே கொடும் சூட்டில். எண்ணெய் மிதந்த தண்ணீர் கொதித்தது. திறந்திருந்த தண்ணீர் கொதிநிலைக்கு வெகு கீழேயே நின்றுவிட்டது. மேற்பரப்பிலிருந்து ஆவி போய்க்கொண்டே இருந்ததால் அது தன்னைத் தானே குளிர்வித்துக்கொண்டது. எண்ணெய்ப் படலம் அந்த வாசலைச் சாத்தியது, அவ்வளவுதான். உயிரில்லாத தண்ணீரும் உயிருள்ள மனிதனும் ஒரே உபாயத்தால் அந்த அறையில் தாக்குப்பிடித்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மெய்சிலிர்க்கிறது. அறையின் காற்று வறண்டு இருந்ததால்தான் அது நடந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அதாவது, வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை. காய்வதால்தான் குளிர்கிறது. தாடையிலிருந்து சொட்டி மண்ணில் விழும் துளி, உடம்பின் தண்ணீரையும் உப்பையும் எடுத்துக்கொண்டு போகிறதே தவிர வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதில்லை. அது முழு நட்டம். வெளியில் வேலை செய்பவரோ விளையாடுபவரோ நடப்பவரோ, கவனிக்கவேண்டிய முதல் அடையாளம் அதுதான்: சொட்டுகிறதா, காய்கிறதா?

தொலைக்காட்சியில் சொல்லும் வெப்ப அளவு இதை நமக்குச் சொல்வதில்லை. அக்கா புறங்கையை நனைத்துப் பார்த்தாரே, அதைக் கருவியால் செய்வதற்கு ஈரக்குமிழ் வெப்பமானி என்று பெயர். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றில் பிடிக்கவேண்டும். துணி காயக் காயப் பாதரசம் இறங்கும். எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு நல்லது. வேலூரில் ஒரு மே மாத மதியம் 42 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 20 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஈரக்குமிழ் கிட்டத்தட்ட 24 டிகிரிக்கு இறங்கிவிடும். கடற்கரை ஊர் ஒன்றில் 34 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 75 விழுக்காடு. அங்கே ஈரக்குமிழ் 30க்குக் கீழே இறங்காது. "அங்கே எட்டு டிகிரி குறைவாச்சே" என்று நாம் நினைக்கும் ஊரில்தான் வியர்வைக்கு வேலை கடினம். வேலூர் வெயிலுக்கு வேறொரு ஆபத்து உண்டு. அங்கே வியர்வை வந்ததும் தெரியாமல் காய்ந்துவிடும். உடம்பு காலியாகிக்கொண்டிருப்பது சட்டை நனையாததால் தெரியாமலே போய்விடும்.

தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. காற்றின் ஈரக்குமிழ் அளவே 35ஐத் தொட்டுவிட்டால், எவ்வளவு வியர்த்தும் பயனில்லை. நிழலில் வெறும் உடம்போடு மின்விசிறிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாலும் உடல் சூடேறிக்கொண்டேதான் போகும். 2010இல் ஸ்டீவன் ஷெர்வுட், மேத்யூ ஹூபர் என்ற இரு விஞ்ஞானிகள் இதை மனித உடலின் எல்லைக்கோடாக முன்வைத்தார்கள். பிறகு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாத்திரை வடிவ வெப்பமானியை விழுங்கச் செய்து, ஆரோக்கியமான இளைஞர்களைச் சூடான அறையில் லேசான வேலை செய்யவைத்து அளந்தார்கள். ஈரம் மிகுந்த காற்றில் 31 டிகிரி அளவிலேயே அவர்களின் உட்சூடு ஏறத் தொடங்கிவிட்டது என்று 2022இல் எழுதினார்கள். நம் கடற்கரைக் கணக்கான 30ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வயதானவர்களுக்கும், இதயநோய், சர்க்கரைநோய் உள்ளவர்களுக்கும் எல்லை இன்னும் கீழே.

2024 அக்டோபர் 6ஆம் தேதி சென்னை மெரினாவில் விமான சாகசம் பார்க்க லட்சக்கணக்கானோர் கூடிய அன்று, வெயிலிலும் நெரிசலிலும் ஏராளமானோர் மயங்கி விழுந்தார்கள். ஐந்து உயிர்கள் போயின. கத்திரி வெயில் முடிந்து நான்கு மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தது. "அக்டோபர்தானே" என்ற நினைப்பு எல்லோருக்கும் இருந்திருக்கும். கடற்கரைக் காற்றில் இருந்த ஈரத்தை நாட்காட்டி சொல்லாது.

இதற்குச் சரியான அளவுகோல் இல்லாமல் இல்லை. 1950களில் அமெரிக்க மரைன் படையின் பயிற்சி முகாம்களில் இளைஞர்கள் வெயிலில் சுருண்டு விழுந்துகொண்டிருந்தார்கள். கான்ஸ்டான்டின் யாக்லூவும் டேவிட் மினார்டும் அதற்கு ஒரு கூட்டு அளவை வகுத்து 1957இல் வெளியிட்டார்கள். ஈரக்குமிழின் அளவில் பத்தில் ஏழு பங்கு; வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்குள் இருக்கும் வெப்பமானியின் அளவில் இரண்டு பங்கு; நிழல் வெப்பமானியின் அளவில் ஒரே ஒரு பங்கு. செய்தியில் நாம் கேட்டுப் பெருமூச்சு விடும் அந்த "நூற்றுப் பத்து டிகிரி"க்கு இதில் கிடைக்கும் இடம் பத்தில் ஒன்று. இன்றும் விளையாட்டுப் போட்டியை நிறுத்துவதா, வேலைக்கு இடைவேளை விடுவதா என்று உலகெங்கும் முடிவுசெய்ய இந்தக் கணக்குதான் பயன்படுகிறது. நம் ஊர்ப் பள்ளி விளையாட்டுத் திடல்களிலும் இதை அளக்கும் கருவி ஒன்று இருக்கவேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். சித்திரையில் மாவட்டப் போட்டி நடத்துகிறவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும்.

காய்வதற்குக் காற்று வேண்டும், சரி. சுரப்பதற்குத் தண்ணீரும் உப்பும் வேண்டும். அங்கேதான் நம்மில் பலர் தவறுகிறோம்.

சமயபுரத்துச் சித்திரைத் தேருக்கு எங்கள் ஊரிலிருந்து ஒரு கூட்டம் நடந்து போகும். ஒரு வருடம் நானும் போனேன். மஞ்சள் வேட்டி, தோளில் துண்டு, வெறுங்கால். விடியுமுன் கிளம்பி, வெயில் ஏறினால் மரத்தடியில் தங்கி, சாயங்காலம் மறுபடி நடப்பது வழக்கம். இரண்டாம் நாள், சீக்கிரம் போய்ச் சேரவேண்டும் என்று வெயிலிலும் நடந்தோம். என் பெரியப்பா வழியெல்லாம் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே வந்தார். பதினொரு மணிக்குத் தலைவலி என்றார். அப்புறம் குமட்டல். தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று நாங்கள் இன்னும் தண்ணீர் கொடுத்தோம். ஒரு நீர்மோர்ப் பந்தலில் இருந்த வயதான அம்மா அவர் முகத்தையும், அவர் மேல்துண்டில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்த கோடுகளையும் பார்த்தார். "தண்ணி குடுத்தது போதும் சாமி, உடம்புல உப்பு இல்ல அவருக்கு" என்று சொல்லி, உட்காரவைத்து, உப்பிட்ட நீராகாரத்தை ஒரு மடக்கு, ஒரு மடக்காகக் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் பெரியப்பா எழுந்து உட்கார்ந்து, "யாரும் வீட்டுக்குப் போன் பண்ணிடலையே?" என்று கேட்டார்.

துண்டில் இருந்த அந்த வெள்ளைக் கோடு உப்பு. மனித முதுகும் ஓர் அளம்தான். சுரப்பியின் அடியில் ஊறும் வியர்வை இரத்தத் திரவத்தைப்போலவே உப்புக் கரிக்கும். மேலே வரும் குழாயில் உடம்பு அந்த உப்பைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மெதுவாக வியர்த்தால் பெரும்பகுதியை மீட்டுவிடும். கொட்டோகொட்டென்று கொட்டினால் மீட்க நேரம் போதாது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருந்தாலும், ஒரு லிட்டர் வியர்வையில் ஒரு கிராமிலிருந்து நாலு கிராம் வரை உப்பு போகும். அதை ஈடுசெய்யாமல் வெறும் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அளவுக்கு மிஞ்சிக் குடித்ததே அதற்கு முக்கியக் காரணம். தலைவலி, குமட்டல், குழப்பம், முற்றினால் வலிப்பு. தாகத்தால் தவிப்பவருக்கும் இவருக்கும் வெளித்தோற்றம் ஒன்றுபோலவே இருப்பதுதான் சிக்கல்.

தண்ணீர் குடலிலிருந்து இரத்தத்துக்குப் போக, சர்க்கரையும் சோடியமும் சேர்ந்து வந்தால் வழி இன்னும் நன்றாகத் திறக்கும். ராபர்ட் கிரேன் 1960இல் பிராகில் விளக்கியது இதைத்தான்: குடல் சுவரில் உள்ள ஒரு புரதம் குளுக்கோஸையும் சோடியத்தையும் ஒன்றாகச் சேர்த்தே உள்ளே இழுக்கிறது, அவற்றின் பின்னால் தண்ணீரும் போகிறது. வங்கதேசப் போரின்போது, 1971இல், மேற்கு வங்கத்துப் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகாலநாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பீப்பாய் பீப்பாயாகக் குடிக்கக் கொடுத்து ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார். இன்று மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலம் அந்த வழியில் வந்தது. சோற்றில் ஊறிய நீராகாரத்தில் மாவுச்சத்து இருக்கிறது, அது குடலில் குளுக்கோஸாகிறது. உப்பு நாம் போடுவது. நீர்மோரிலும் உப்பு உண்டு. பந்தலில் இருந்த அந்த அம்மாவுக்குச் சோடியம் கடத்தும் புரதத்தைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. கை சரியாகத்தான் போனது. இளநீரை மட்டும் இந்த வரிசையில் அப்படியே சேர்த்துவிடக் கூடாது. அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம்தான். நன்றாக வியர்த்த பிறகு இளநீர் குடித்தால் கூடவே உப்பு தொட்ட மாங்காய்க் கீற்று ஒன்றும் நல்லது. இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்துக்கொண்டவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்யவேண்டும்.

வெயிலுக்கு உடம்பு பழகும் என்று நாம் சொல்வது வெறும் மனத்தைரியம் இல்லை. தினமும் ஓரளவு வெயிலில் உழைத்தால், ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் உடம்பு தன்னைத் திருத்தியமைத்துக்கொள்கிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை முன்னதாகத் தொடங்குகிறது, அதிகம் வருகிறது, அதில் உப்பு குறைகிறது. அளத்தில் வருடக்கணக்கில் நிற்கும் அக்காவின் வியர்வை என் வியர்வையைவிட உப்புக் குறைந்தது. ஆனால் பழக்கம் விட்டால் சில வாரங்களில் கரைந்துவிடும். வெளி வேலையில் வெப்பத்தால் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே இறக்கிறார்கள் என்று அமெரிக்கத் தொழிலாளர் துறை எச்சரிக்கிறது. கட்டட வேலைக்குப் புதிதாக வந்த பையனையும், லீவு முடிந்து மைதானத்துக்குத் திரும்பும் மாணவனையும், வருடம் முழுக்க ஏசி அறையில் இருந்துவிட்டு ஊர்த் திருவிழாவில் பால்குடம் எடுக்கும் நம்மையும் முதல் நாளே முழு வெயிலில் நிறுத்தக் கூடாது. முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம் போதும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

அந்த முழுக்கைச் சட்டைக்கு வருகிறேன். வெயிலில் எதற்கு இத்தனை துணி என்று தோன்றும். சினாய்ப் பாலைவனத்து பெதுயின் மக்கள் கறுப்பு அங்கி அணிவது ஏன் என்று ஆராய்ந்த குழு ஒன்று, 1980இல் 'நேச்சர்' இதழில் முடிவை எழுதியது. கறுப்புத் துணி வெள்ளையைவிட அதிக வெப்பத்தை வாங்குகிறது, உண்மை. ஆனால் அங்கி தொளதொளவென்று இருப்பதால் அந்த அதிகப்படி வெப்பம் தோலுக்கு வருமுன்பே காற்றோடு போய்விடுகிறது. உடம்புக்குக் கிடைத்த வெப்பம் இரண்டிலும் ஒன்றுதான். நிறத்தைவிடத் தொளதொளப்பு பெரிய விஷயம். உப்பள அக்காவின் சட்டை, அவர் உடம்பைவிட இரண்டு அளவு பெரியது. பலமுறை துவைத்து நைந்த பருத்தி. உள்ளே காற்று புகுந்து வெளிவருகிறது. வெயிலும் உப்பின் எதிரொளியும் தோலில் படாமல் தடுக்கிறது. உடம்பை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் கலந்த மழைக்கோட்டையோ, எடை குறைக்க என்று சிலர் போட்டுக்கொண்டு ஓடும் ரெக்ஸின் மேலாடையையோ இதற்குப் பக்கத்தில் நினைத்துப் பாருங்கள். பெயின்ட் அடித்த பானை.

இந்தச் சட்டையால் தீராத ஒன்றும் அங்கே இருக்கிறது. வித்யா வேணுகோபாலின் தலைமையில் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்து ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளங்களில் அளவெடுத்தபோது, வெப்பச்சுமை பாதுகாப்பு வரம்பை மீறியிருந்ததையும், தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்குச் சிறுநீரகத்தின் செயல்திறன் குறைந்திருந்ததையும் பதிவுசெய்திருக்கிறார்கள். பெண்கள் நிலை இன்னும் கடுமை. கழிப்பறை இல்லாத வெட்டவெளியில் வேலை என்பதால் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். அன்று நான் பார்த்தவரையில் அந்த அக்காவும் காலையிலிருந்து குடித்தது அந்த ஒரு செம்புதான். வெயிலில் எப்படிப் பாதுகாப்பாக இருப்பது என்று எத்தனை அறிவுரை எழுதினாலும், ஒரு கழிப்பறையும் ஒரு நிழற்கூரையும் செய்வதை அந்த எழுத்து செய்யாது. இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

எல்லாம் மீறி ஒருவர் விழுந்துவிட்டால்? அடையாளம் மூளையில் தெரியும். வெயிலில் இருந்தவர் சம்பந்தமில்லாமல் பேசினால், தள்ளாடினால், கோபப்பட்டால், கூப்பிட்டதற்குப் பதில் சொல்லாவிட்டால் அது வெப்பவாதம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உட்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். தோல் காய்ந்திருந்தால்தான் வெப்பவாதம் என்று பலர் நினைக்கிறார்கள். உழைத்துக்கொண்டிருந்தவருக்கு வியர்வை ஊற்றிக்கொண்டிருக்கும்போதே அது வரும். 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை காத்திருக்காமல் அங்கேயே குளிர்விக்க வேண்டும். அமெரிக்காவின் ஃபால்மவுத் ஓட்டப் பந்தயத்தில் 18 ஆண்டுகளில் வெப்பவாதத்தால் விழுந்த 274 பேரைப் பந்தயத் திடலிலேயே பனிநீர்த் தொட்டியில் அமிழ்த்தினார்கள். ஒருவர்கூட இறக்கவில்லை. தொட்டி இல்லாத இடத்தில் தண்ணீரை வாரி வாரி ஊற்றி விசிறலாம். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வைக்கலாம். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது.

மெக்காவில் ஹஜ் பயணிகளுக்காக முஸ்தபா கோகாலியும் ஜோசஃப் வீனரும் ஒரு வலைப் படுக்கையை உருவாக்கி, 1980இல் அதைப் பற்றி எழுதினார்கள். மயங்கியவரை அதில் கிடத்தி, நாலாபுறமும் நுண்துளியாக நீரைத் தெளித்து, மேலே காற்றை ஊதுவார்கள். ஊதுவது குளிர்காற்று இல்லை, வெதுவெதுப்பான காற்று. சில்லென்ற காற்றுப் பட்டால் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி உள்ளிருக்கும் வெப்பத்தைப் பூட்டிவிடும். வெதுவெதுப்பான காற்றில் குழாய்கள் திறந்தே இருக்க, தெளித்த நீர் வியர்வையின் வேலையைச் செய்கிறது. சுரக்க முடியாமல் தோற்றுப்போன உடம்புக்கு வெளியிலிருந்து வியர்வை கொடுப்பதுதான் அந்தப் படுக்கை. மதுரைச் சித்திரைத் திருவிழாவில் ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் நிரப்பித் துருத்தியால் கள்ளழகர்மேல் பீய்ச்சும்போது, அந்தச் சாரல் கூட்டத்தின்மேலும் விழுமே, அதில் நின்று நனைந்திருக்கிறேன். ஒரு காற்று வீசியதும் உடம்பே இலேசாகும்.

அளத்தில் பத்தரை மணிக்கு வேலை நின்றது. மற்றவர்கள் தூக்குவாளியைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார்கள். அக்கா குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரைச் சட்டையின் இரண்டு தோளிலும் முதுகிலும் ஊற்றிக்கொண்டார். வரப்போரத்து உடைமரத்தின் அரைகுறை நிழலில், வரும் கொஞ்சநஞ்சக் காற்றுக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். எனக்கும் கொஞ்சம் தள்ளி இடம் விட்டார். நான் போய்ச் சேரும்போதே அவர் தோள்பட்டையில் துணி வெளுத்துக் காயத் தொடங்கியிருந்தது.